பிரியாணிக் கடை மாடியில் ஒரு விமானம்

திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. விமானத்தில் வேலை வாங்கித் தருகிறோம் என்கிற அகாடமி மட்டும் உண்டு. பிரியாணிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருந்தது அது. பிளஸ் டூ முடித்த கையோடு நான் அங்கே போய் விழுந்தேன். அரசுக் கல்லூரியில் இயற்பியலுக்கு இடம் கிடைத்திருந்தது. "பிசிக்ஸ் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று கேட்டார் டைரக்டர். பேக்கு மாதிரி தலையாட்டினேன். மார்க் ஷீட், டி.சி. எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஏர்லைன்ஸ்காரன் எப்ப வேணா கேப்பான்மா" என்றார்.

அங்கே ஒரு விமானமும் இருந்தது, அடேயப்பா! காயலான் கடையில் வாங்கிய ஆம்னி பஸ் சீட்டுகளை இரண்டு வரிசையாகப் போட்டு, சுவரில் ஜன்னல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அதன் நடுவில் நின்று இருபது பெண்கள் தினமும் கையை நீட்டி அவசர வழி காட்டினோம். நாங்கள் காட்டிய திசையில் கக்கூஸ் இருந்தது.

"ஊருக்கு ஊரு ஏர்போர்ட் வருது, ஆள் பத்தல" என்பது டைரக்டரின் தினப்படி மந்திரம். பைலட் இல்லாமல் விமானங்கள் ரத்தாகி, ஜனங்கள் பெட்டியோடு தரையில் படுத்துக் கிடந்ததை டிவியில் காட்டினார்கள். மறுநாள் அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. "பாத்தீங்கள்ல, எம்புட்டு ஆள் பத்தலன்னு!" பைலட் பத்தாததற்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நானும்தான்.

சேர்ந்த முதல் வாரமே போட்டோ எடுத்தார்கள். மொத்த அகாடமிக்கும் ஒரே ஒரு நீலக் கோட், ஒரே ஒரு சிவப்பு ஸ்கார்ஃப். வரிசையில் நின்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். கோட்டில் இரண்டாவது பொத்தான் இல்லை. துப்பட்டாவில் குத்தியிருந்த பச்சைத் தலை ஊக்கைக் கழற்றி அந்த இடத்தில் குத்திக்கொண்டேன். அடுத்தவள் அதோடு சேர்த்தே கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டாள்.

தோட்டத்தில் தக்காளி போடுகிற அப்பா அந்தப் படத்தை நேராக ஃப்ளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோனார். எங்கள் பக்கம் காது குத்தினாலும் ஃப்ளெக்ஸ், கருமாதி என்றாலும் ஃப்ளெக்ஸ். 'விமானத்தில் பணிபுரியும் எங்கள் வீட்டுச் செல்லமே, வாழ்க' என்று அடித்து, சுற்றிலும் பதினாறு சொந்தக்காரர்களின் தலைகளையும் வைத்துவிட்டார்.

"இன்னும் வேலையே கெடைக்கலையேப்பா."

"எப்பிடியும் கெடைக்கப் போகுதுல்ல, தாயி. அப்ப ஒருக்கா அடிக்கணுமாக்கும்?"

வருஷக் கடைசியில் வேலையும் வந்தது. ஏதோ ஒரு விமான நிலைய வாசலில், பயணிகள் விட்டுப்போகிற தள்ளுவண்டிகளைப் பொறுக்கி வரிசையாக நிறுத்துகிற ஒப்பந்த வேலை. அங்கே வேலை சொல்லிக்கொடுத்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இதுக்கு எதுக்குத்தா ஒரு வருஷம் படிச்ச? நான் எட்டாப்பு." அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

மறுபடி விண்ணப்பித்து அதே கல்லூரியில் அதே இயற்பியலுக்கு இடம் வாங்கினேன். ஒரிஜினல் கொடுக்க மறுநாள் கடைசி. அகாடமிக்கு ஓடினேன்.

டைரக்டரின் நாற்காலிக்குப் பின்னால் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா அடித்த அதே ஃப்ளெக்ஸ்! எப்போதோ அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்து, சொந்தக்காரர்களின் தலைகளை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, வாசகத்தை அப்படியே வைத்து மாட்டியிருந்தார். எதிரே தொப்பம்பட்டியிலிருந்து வந்த ஒரு குடும்பம். அம்மா, அப்பா, மடியில் ஃபைலோடு மகள்.

என் ஃபைலைப் பீரோவிலிருந்து எடுத்தார் டைரக்டர். கொடுக்கவில்லை. மேஜையில் வைத்து அதன்மேல் உள்ளங்கையை ஊன்றினார். "நம்ம ஸ்டூடண்ட்தான். நீயே சொல்லும்மா."

"ஏனுங்க, படத்துல இருக்கறது நீங்கதானுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாங்க."

"பிளைட்டுலதான் வேலைங்களா?"

அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டரின் கை அசையவில்லை.

"ஆமாங்க" என்றேன்.

கை விலகியது. ஃபைலைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். அவர் ஃபிராடு, சரி. அவருக்காவது அது பிழைப்பு. எனக்கு என்ன கேடு? ஒரு நாள் கெடுவுக்காக ஒருத்தியின் வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தேன். தூ!

அடுத்த மாதம் பழனிக்குப் போகும்போது ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றது. எதிரே புது ஃப்ளெக்ஸ். சுற்றிலும் சொந்தக்காரர்களின் தலைகள். நடுவில் நீலக் கோட்டில் தொப்பம்பட்டிப் பெண், நான் சிரித்த மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தலையோடு என் ஊக்கு குத்தியிருந்தது.