கயிறு போகும் பக்கம்

ஆடி மாதத்தில் ஒரு காலை. மிளகுக்கொடிக்கு வெயில் விழ வேண்டும் என்று கொடி படர்ந்திருந்த சில்வர் ஓக் மரத்தின் மேலிருந்து கிளை கழித்துக்கொண்டிருந்தேன். அரிவாளை ஓங்கியபோது மரம் இடப்பக்கமாகச் சாய்ந்தது. வேரோடு போகிறது என்றுதான் நினைத்தேன். அடுத்து எதிரே இருந்த மலையும் சாய்ந்தது. மலை சாயாது என்று எனக்குத் தெரியும். அரிவாளை விட்டுவிட்டு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

கீழே விறகு பொறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சரசு சத்தம் போட்டாள். "ஏனுங்க, கீழ ஆளு நிக்கறது தெரியலீங்களா? அருவாளப் போடறீங்க?"

நான் வாயைத் திறந்தேன், வந்தது வாந்திதான். அவளுடைய தம்பி பெரியசாமி பக்கத்துக் காட்டிலிருந்து ஓடிவந்து மேலே ஏறினான். என் காலை ஏணியில் ஒவ்வொரு படியாக எடுத்து வைத்து இறக்கினான். மண்ணில் படுத்த பிறகும் மண் சுற்றியது.

தலைச்சுற்றலோடு கட்டிலைப் பிடித்துக்கொண்டு கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. நாமக்கல் பக்கத்து மலைமேல், குண்டூர் நாட்டில் மிளகும் மரவள்ளியும் வைத்திருக்கிற ஐம்பத்தொரு வயது ஆள். எதையும் லேசில் நம்பாதவன். தீப்பெட்டி வாங்கினால் குலுக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். அந்தக் குணத்தோடு நோயாளி ஆனால் என்ன நடக்கும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சந்தேகப்பட்டது முந்தின நாள் காளான் குழம்பை. அதே குழம்பைச் சாப்பிட்ட சரசு கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். அடுத்து, பக்கத்துக் காட்டில் அடித்த பூச்சிமருந்தை. "காத்து அந்தப் பக்கம் அடிச்சுதுங்க மச்சான்" என்றான் பெரியசாமி. இவன் ஏன் மருந்தடித்தவர்களுக்குப் பரிந்து பேசுகிறான் என்று அவனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். மலைமேல் சோளக்காட்டிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி இறங்குவதற்குள் எழுபது வளைவு. பிறந்ததிலிருந்து போய்வருகிற ரோடுதான். அன்றைக்கு ஒவ்வொரு வளைவும் என்னை வெளியே தூக்கி எறியப் பார்த்தது. கண்ணை மூடினால் இன்னும் மோசம். சரசுவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு, வெட்கத்தை விட்டு, அழுதேன்.

நாமக்கல்லில் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஓர் அம்மா. என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். நிஸ்டாக்மஸ் (கண்மணி தானாக ஒரு பக்கம் இழுபடுவது) இருக்கிறது என்றார். பிறகு கலோரிக் சோதனை (காதுக்குள் குளிர்ந்த நீரும் வெதுவெதுப்பான நீரும் விட்டு, சமநிலை உறுப்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பது). வலது காதில் நீர் விட்டதும் உலகம் புரண்டது. இடது காதில் விட்டபோது ஈரம் மட்டும்தான் தெரிந்தது. மூளையையும் படம் எடுத்தார்கள்.

"படத்துல ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

"ஒண்ணும் இல்லீன்னா ஏனுங்க சுத்துது?"

"வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ்ங்க." (உள்காதிலிருந்து மூளைக்குச் சமநிலைச் செய்தி கொண்டுபோகும் நரம்பு வீங்கிக் கெடுவது.) "நீங்க எப்படி நிக்கறீங்க, எந்தப் பக்கம் திரும்பறீங்கன்னு ரெண்டு காதும் மூளைக்குச் சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க இடது காது சொல்றத நிறுத்திருச்சு. மூளை அதைப் புரிஞ்சுக்காம, நீங்க சுத்தறீங்கன்னு முடிவு பண்ணுது. இனி யாரை நம்பறதுன்னு மூளை கத்துக்கணும். படுத்தே கெடந்தா கத்துக்காதுங்க."

நல்ல விளக்கம்தான். ஆனால் சொல்லும்போது அவர் சரசுவைப் பார்த்தார். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. கட்டி ஏதோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். படத்தை உறையோடு சேலத்தில் இன்னொரு மருத்துவரிடம் காட்டினேன். அவரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே கல்லூரியில் படித்திருப்பார்களோ என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன்.

மாத்திரையில் வாந்தி நின்றது. சுற்றலும் குறைந்தது. நடந்தால் மட்டும் இடப்பக்கமாக இழுத்தது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியாது. மருத்துவர் சொன்ன பயிற்சி இதுதான்: கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்வையை அதில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்ட வேண்டும். இதற்கா இவ்வளவு படிப்பு என்று நான் அதைச் செய்யவில்லை. செய்தேன் என்று சரசுவிடம் பொய் சொன்னேன். இந்தத் தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.

மாசியில் மிளகு பழுக்கும். அதற்குள் மரமேற முடியுமா என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை. எங்கள் ஏணி ஒற்றை மூங்கில். கணுவில் விட்ட கிளைத்துண்டுதான் படி. அதில் கட்டைவிரலும் அடுத்த விரலும்தான் நிற்கும். முப்பது வருடமாக என் கொடியில் இன்னொருவர் கை பட்டதில்லை. ஏற முடியாதவனுக்கு அந்தக் காட்டில் என்ன வேலை என்று நினைக்க நினைக்கப் பயமாக இருந்தது.

ஆவணியில் ஒருநாள், யாருமில்லாத நேரம் பார்த்து ஏணியைத் தேடினேன். மாட்டுக்கொட்டகையில் காணோம். சரசுவைக் கேட்டால், "தெரியலீங்களே" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். பெரியசாமி வீட்டுப் பின்பக்கம், தார்ப்பாய்க்கு அடியில் அதன் நுனி தெரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி இருந்தது. அக்காவும் தம்பியும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் காட்டிலிருந்து கழற்றிவிடப் பார்க்கிறார்கள். அடுத்த வாரமே எங்கள் மகள் தேவி, "அப்பா, கொஞ்ச நாள் இங்க வந்து இருங்க" என்று போனில் கூப்பிட்டபோது அவளையும் கூட்டத்தில் சேர்த்தேன். தேவி சென்னைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பள்ளி ஆசிரியை. மறுத்தால் என் சந்தேகம் அவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று போனேன். சரசுவும் கூடவே வந்தாள். காவலுக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தேவி வீட்டுக்கு அடுத்த வீடு சேகருடையது. மீன்பிடிக் குடும்பம். நாற்பது வயதிருக்கும். காலையில் கடலுக்குப் போய் வந்த பிறகு, வெளியூர்க்காரர்களுக்குச் சர்ஃபிங் (பலகையில் நின்று அலைமேல் சறுக்கி வருவது) கற்றுக்கொடுப்பார். நான் மணலில் தள்ளாடி நடப்பதைப் பார்த்து, "பலகை மேல நின்னு பாருங்கண்ணா, காலு கெட்டிப்படும்" என்றார். ஆள் பிடிக்கிறார் என்று நான் திரும்பிக்கொண்டேன்.

தேவி எனக்குத் தெரியாமல் நாமக்கல் மருத்துவருக்குப் போன் செய்து, அப்பா பலகையில் ஏறலாமா என்று விசாரித்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். பிறகு அவளே வந்து முழுவதையும் சொன்னாள். கடல் மருந்து இல்லை. உள்காது கெட்டவனுக்குத் தண்ணீருக்குள் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போகலாம். அதனால் இடுப்பளவு நீரைத் தாண்டக் கூடாது, மிதவைச் சட்டை போடாமல் இறங்கக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் ஆள் இல்லாமல் இருக்கவே கூடாது. அப்படி என்றால் பலகையில் நிற்பதும் ஒரு பயிற்சிதான் என்றாராம். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரில் கால் வைக்க வேண்டாம்.

அலையில் நிற்க முடிந்தால் மரத்தில் நிற்கலாம் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இறங்கினேன்.

முதல் இரண்டு நாள் மணலிலேயே பாடம். பலகையில் குப்புறப் படுக்க வேண்டும். விலாவுக்குப் பக்கத்தில் கையை ஊன்றி எழுந்து, முழங்காலை மடக்கி நிற்க வேண்டும். பார்வை கரையில் இருக்க வேண்டும், காலில் இருக்கக் கூடாது. பின்காலின் கணுக்காலிலிருந்து பலகைக்கு ஒரு கயிறு. அது எதற்கு என்று கேட்டேன். "பலகை ஓடிப்போயிடக் கூடாதுல்ல" என்றார் சேகர். ஓடிப்போகக் கூடாதது பலகையா நானா என்று சந்தேகமாகவே கட்டிக்கொண்டேன்.

தண்ணீரில் என் வித்தையெல்லாம் எனக்கே எதிராக நின்றது. விரலால் பலகையைக் கவ்வினேன். அது வழுவழுவென்று இருந்தது. சாய்கிற நேரத்தில் மரமேறி என்ன செய்வான்? கட்டிப்பிடிப்பான். நானும் பலகையைக் கட்டிப்பிடித்தேன். அது என்னையும் இழுத்துக்கொண்டு கவிழ்ந்தது. வாய் நிறைய உப்புத் தண்ணீர்.

"உட்ருங்கண்ணா. விழும்போது பலகைய உட்ரணும்."

"உட்டா எங்கீங்க போறது?"

"மரம் நிக்கும்ணா. இது நிக்காது."

மூன்றாம் நாள் சேகர் பின்னாலிருந்து பலகையைத் தள்ளிவிட, ஓர் அலையில் எழுந்து நின்றேன். இவர் பிடித்திருக்கிறாரா, விட்டுவிட்டாரா? திரும்பிப் பார்த்தேன். தலை திரும்பியதும் கடல் கவிழ்ந்தது. அடுத்த அலையிலும் அதேதான். அதற்கடுத்த அலையிலும் அதேதான். கரையில் குடையோடு உட்கார்ந்திருந்த சரசு சத்தமாகச் சிரித்தாள். "ஏனுங்க, அலை உங்களைத் தள்ளலீங்க. திரும்பித் திரும்பிப் பாத்து நீங்களேதான் உழுவறீங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தோடு அடுத்த அலைக்குப் படுத்தேன்.

அந்த அலையில்தான் அது நடந்தது. பலகையைக் கட்டிப்பிடிக்காமல் விட்டேன், தலைகுப்புறப் போனேன். உள்ளே எல்லாம் ஒரே பழுப்பு நிறம். மேலே போகிறேன் என்று கையை வீசினேன். கை மணலில் குத்தியது. அப்படியானால் எதிர்ப்பக்கம்தான் மேல். உடம்பு இல்லை என்றது. மணல் இருக்கும் பக்கம்தான் மேலே என்று என் தலைக்குள்ளிருந்த ஒன்று அடித்துச் சொன்னது. என்னை ஏமாற்றியது யார் என்று அப்போதுதான் பார்த்தேன். மருத்துவர் இல்லை. சரசுவும் பெரியசாமியும் இல்லை.

கணுக்கால் சுண்டி இழுபட்டது. கயிறு. பலகை மிதக்கும். அதனால் கயிறு போகும் பக்கம் மேலேதான் இருக்க வேண்டும். அதைப் பிடித்தேன். உடம்பு வேண்டாம் வேண்டாம் என்றது; கை மட்டும் கயிற்றோடு போனது. தலை வெளியே வந்தபோது தண்ணீர் என் இடுப்புக்குத்தான் இருந்தது. சேகரின் கை என் மிதவைச் சட்டையைப் பிடித்திருந்தது.

"ரெண்டு மூச்சு நேரம்கூட ஆவலண்ணா" என்றார். எனக்கு ஒரு மரம் முழுக்கக் கிளை கழித்த நேரம் ஆகியிருந்தது.

கரையில் வந்து உட்கார்ந்தேன். சரசு தன் சேலைத் தலைப்பால் தலையைத் துவட்டினாள். என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "ஏணிய ஏன் ஒளிச்ச?"

அவள் கை நின்றது. "தெரியுங்களா?"

"தெரியும்."

"போகாதீங்கன்னா கேக்கற ஆளா நீங்க? ஏறி உழுந்திருப்பீங்க. அருவா உழுந்த எடத்துல நீங்க கெடக்கற மாதிரியே தெனமும் எனக்குத் தெரியுதுங்க. நாந்தான் தம்பிய எடுத்துட்டுப் போகச் சொன்னேன்." பிறகு, "பயிற்சி செய்யறேன்னு பொய் சொன்னீங்கல்ல, அதுவும் எனக்குத் தெரியும்" என்றாள்.

எனக்கு மிகவும் அவமானமாக இருந்தது. அன்று மாலையே கட்டைவிரலை நீட்டித் தலையை ஆட்டத் தொடங்கினேன். அவள் எதிரே உட்கார்ந்து எண்ணினாள்.

புரட்டாசி முடிகிற வரை காலையில் கடல், மாலையில் கட்டைவிரல். பிறகு ஒருநாள் எழுந்து நின்றேன். கரையில் இருந்த குடையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நாலு மூச்சு, ஐந்து மூச்சு. பலகை மணலைத் தொட்ட பிறகுதான் திரும்பினேன். சேகர் வெகுதூரத்தில் நின்று கையாட்டினார்.

ஊர் திரும்பும்போது நாமக்கல்லில் மறுபடி சோதனை. இடது காதில் நீர் விட்டார்கள். ஈரம் மட்டும்தான் தெரிந்தது.

"அது திரும்பலீங்க. இனித் திரும்பாதுன்னுதான் நெனைக்கறேன்" என்றார் மருத்துவர். "ஆனா உங்க மூளை இப்ப அதைக் கேக்கறதில்ல. கண்ணும் காலும் சொல்றதக் கேக்குது. இருட்டுலயும் தண்ணியிலயும் மட்டும் ஜாக்கிரதை."

"மரம்?"

"இடுப்புல கயிறு இல்லாம ஏறக் கூடாதுங்க."

எங்கள் மலையில் இடுப்பில் கயிறு கட்டி மிளகு பறிக்கிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானே சிரித்திருக்கிறேன். சரி என்றேன்.

மாசி வந்தது. பெரியசாமி ஏணியைத் தோளில் கொண்டுவந்து மரத்தில் சாத்தினான். அவன் ஒரு பழத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. கொடி முழுக்க அங்கங்கே சிவந்து கிடந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். நான் சந்தேகப்பட்டதே அவனுக்குத் தெரியாது என்பதால் ஒரு டம்ளர் காபி மட்டும் கொடுத்தேன்.

மரத்தைச் சுற்றி என் இடுப்புக்குச் சரசு கயிறு கட்டினாள். முடிச்சு என் முதுகுப் பக்கம். முன்பு என்றால் அவிழ்த்து நானே இரண்டு தடவை போட்டிருப்பேன். இப்போது ஒரு தடவை இழுத்து மட்டும் பார்த்தேன்.

"நம்பிக்கை இல்லீங்களா?" என்றாள்.

"இருக்கு. அதான் ஒரு தடவையோட விட்டேன்."

முன்பெல்லாம் ஒரு மரம் ஏறுகிற நேரம் எனக்குத் தெரிந்ததே இல்லை. கால் தானாகப் போகும். இப்போது ஒவ்வொரு படியிலும் நிற்கிறேன். கண் ஒன்று சொல்கிறது, கால் ஒன்று சொல்கிறது, இடது காது ஒன்றும் சொல்வதில்லை. கேட்டுவிட்டுத்தான் அடுத்த படி. நாலு மரம் ஏறிய நேரத்தில் இப்போது ஒரு மரம்தான் ஆகிறது.

உச்சியில் முதல் கொத்தைப் பறித்தபோது காற்று அடித்தது. மரம் லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. இந்தத் தடவை நிஜமாகவே சாய்ந்ததா என்று எதிர்மலையைப் பார்த்தேன். மலை நின்ற இடத்தில் நின்றது. மரத்தைக் கட்டிப்பிடிக்கவில்லை. இடுப்பில் கயிறு இறுகியது. அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் கவனித்தேன். கீழே சரசு நிற்கிறாளா என்று குனிந்து பார்க்காமல் அடுத்த கொத்துக்குக் கையை நீட்டினேன்.