சரோஜா தூரத்தில் நின்ற மாதம்

முதலில் காணாமல் போனவை பஸ் எண்கள். கோலாலம்பூரில் எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் நிறுத்தத்துக்கு மினி பஸ் வரும். அதன் நெற்றியில் எண் இருக்க வேண்டிய இடத்தில், யாரோ ஈரத் துணியால் துடைத்துவிட்டதுபோல் ஒரு வெள்ளைக் கறைதான் தெரியும். நான் ரயில்வே பண்டகசாலையில் கணக்கு எழுதும் கிராணி. நாள் முழுக்க எண்களோடு புழங்குகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு சனிக்கிழமை கிள்ளானில் இருக்கும் கொழுந்தியா வீட்டுக்குக் கிளம்பி, செந்தூலில் போய் இறங்கினேன்.

இறங்கியதும் பதறவில்லை. செந்தூலுக்கென்றே வந்தவன்போல் ஒரு கடையில் உட்கார்ந்து, சீனி தூக்கலாக, இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ ஒன்று குடித்துவிட்டுத் திரும்பினேன். மானம் போகாமல் பார்த்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரன். அந்தச் சீனிதான் வில்லன் என்பது அப்போது தெரியாது.

என் மனைவி சரோஜா நர்ஸ். எண்பதுகளில் இங்கிருந்து பல நர்ஸ்கள் சவூதிக்கு ஒப்பந்தத்தில் போனார்கள். அவளும் போனாள். ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகவே மீதி பதினோரு மாதமும் வீட்டில் நானும், குளிர்சாதனப் பெட்டியும், அவள் குரல் பதிந்து வரும் கேசட்டுகளும்தான். கேசட்டில் அவள், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் கொஞ்சம் இடம் விடுவாள். நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில், "சாப்பிட்டேன்லா" என்று சொல்வேன். காது கேட்டது. கண்ணுக்குத்தான் ஒன்றும் இல்லை. அவள் வரும் நாளுக்காகப் பார்க்கிற வேலையை மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்தேன்.

அவள் வர இரண்டு மாதம் இருந்தபோது கண்ணாடிக் கடைக்குப் போனேன். தூரப் பார்வைக்கு ஒரு கண்ணாடி செய்து கொடுத்தார்கள். மறுபடியும் பஸ் எண்கள் முளைத்தன. நோய் தீர்ந்தது என்று நினைத்தேன்.

தீரவில்லை. தாகம் வந்தது. குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியேறியது. கிளினிக்கில் என் சிறுநீரை நீலக் கரைசலில் விட்டு விளக்கில் காய்ச்சினார்கள். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்குமாம். என்னுடையது பச்சையாகி, மஞ்சளாகி, எங்கும் நிற்காமல் செங்கல் நிறத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

"இது செங்கல் கலர், மிஸ்டர்" என்றார் டாக்டர்.

"பிரிக்ஃபீல்ட்ஸ் ஆள்தானே, டாக்டர். வேற என்ன கலர் வரும்?"

அவர் சிரிக்கவில்லை. நீரிழிவு பல வருடமாகவே இருந்திருக்கும் என்றார். கணையத்தைத் தட்டி எழுப்பி இன்சுலின் (சர்க்கரையை உடம்புக்குள் சேர்க்கும் சுரப்பு) சுரக்க வைக்கும் மாத்திரை கொடுத்தார். இனிப்பை நிறுத்து, எடையைக் குறை என்றார். கடைசிச் சொல்லை மட்டும் நான் ஆசையோடு பிடித்துக்கொண்டேன். சரோஜா வருவதற்குள் கல்யாணப் புகைப்படத்தில் இருக்கும் ஆளாக மாறிவிட வேண்டும் என்று ஒரு திட்டம் உருவானது.

திட்டத்துக்கு ஆள் இருந்தாள். கிள்ளானில் இருக்கும் கமலம், சரோஜாவின் தங்கை. அங்கே ஒரு கிளினிக்கில் இளைப்பதற்கு மாத்திரை தருகிறார்கள் என்று அவளும் அவள் தெருப் பெண்களும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேர் எழுதாத சின்ன பிளாஸ்டிக் பை. உள்ளே மஞ்சளும் ரோஸுமாக மாத்திரை. மேலே, 'காலை 1' என்று மட்டும்.

"அத்தான், அக்கா வர்றதுக்குள்ள தொப்பைய இறக்கிடலாம். எங்கிட்ட ரெண்டு பை இருக்கு. ஒண்ண நீங்க வச்சுக்குங்க."

"டாக்டர்கிட்ட கேக்க வேணாமா?"

"இதுவும் டாக்டர் குடுத்ததுதானே."

எனக்கு அந்த வாதமே போதும். மேலும், நம் வீடுகளில் மருந்து என்பது மீன் குழம்பு மாதிரி. நன்றாக இருந்தால் ஒரு கிண்ணம் உறவுக்குப் போகும். என் பங்கை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பசி என்ற ஒன்று மறைந்தே போனது. வாய் உலர்ந்தது. நெஞ்சு தையல் மெஷின்போல் ஓடியது. ஆனால் காற்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. அந்த மகிழ்ச்சியில் மற்றதெல்லாம் சின்ன விஷயமாகப் பட்டது. பிறகு ஒரு காலை பத்திரிகையைப் பிரித்தேன். எழுத்துகள் எறும்புகளாகி ஊர்ந்தன. சமையலறை விளக்கைச் சுற்றி ஒரு வளையம் தெரிந்தது. புதுக் கண்ணாடியைப் போட்டேன். எறும்புகள் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்புப் பட்டையாகிவிட்டன.

அதன் பிறகு நான் செய்த காரியங்களை உங்களைச் சிரிக்க வைக்கத்தான் சொல்கிறேன். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. குருடாகப் போகிறேன் என்று முடிவுகட்டி, பயிற்சி எடுக்கத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு ஹாலிலிருந்து சமையலறைக்கு நடந்தேன். குளிர்சாதனப் பெட்டி மீது மோதி அதனிடம் மன்னிப்புக் கேட்டேன். கண்ணை மூடியபடியே முகம் மழித்து, ஒரு பக்கத்து மீசையை இழந்தேன். மறு பக்கத்தை நானே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

பிரிக்ஃபீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் பலர் எங்கள் அண்டை அயலார். அவர்களில் கோபால் அண்ணன் முதுகு பிடித்துவிடுகிறவர். எனக்குப் பழைய பழக்கம். அவர் மேசையில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணே, கண்ணு போறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

"எனக்கு எங்க போச்சு, கிராணி? வரவே இல்லியே. பொறந்ததுலேருந்து இப்படித்தான்."

"அப்ப யாரைக் கேக்கறது?"

"கண் டாக்டரைக் கேளுங்கலா. நான் முதுகு பாக்குற ஆளு." கொஞ்ச நேரம் பிசைந்துவிட்டு, "எங்ககூடச் சேரணும்னு ஆசையா இருந்தா சொல்லுங்க. எங்கிட்ட குச்சி ஒண்ணு சும்மா கிடக்குது" என்றார்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளியே வந்து, நடைபாதையில் நின்று அழுதேன். எனக்குப் பத்திரிகை முக்கியமில்லை, பஸ் முக்கியமில்லை. வரப்போவது ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தில் அவள் முகம் எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

கண் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் கமலம் துணைக்கு உட்கார்ந்திருந்தாள். கண்ணில் சொட்டு விட்டால் தனியாக வீடு திரும்பக் கூடாது என்பது விதி. உள்ளே ஒரு டாக்டரம்மா, சொட்டு விடும் முன்பே என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார்.

"சொட்டு விடாமலே கண் பாப்பா விரிஞ்சிருக்கே. சர்க்கரை மாத்திரை தவிர வேற என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்லீங்க, டாக்டர்."

கூடவே உள்ளே வந்திருந்த கமலம் பின்னால் நின்று கனைத்தாள். "அத்தான், அந்த மஞ்சள்..."

"அது மருந்து இல்லியே. இளைக்கிறதுக்குத்தானே."

டாக்டரம்மா கையை நீட்டினார். கமலம் தன் கைப்பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் பையை எடுத்து வைத்தாள். அவர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நீங்களும் சாப்பிடுறீங்களா?"

"கொஞ்சமாத்தான், டாக்டர்" என்றாள் கமலம்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். சர்க்கரை பல காலம் ஏறிக் கிடந்தபோது கண்ணின் வில்லை (பார்வையைக் குவிக்கும் கண்ணுக்குள் இருக்கும் இயற்கைக் கண்ணாடி) ஊறி உப்பியிருந்தது. அந்த உப்பிய கண்ணுக்குத்தான் நான் கண்ணாடி செய்துகொண்டேன். பிறகு மாத்திரையும் பட்டினியுமாகச் சேர்ந்து சர்க்கரையை மளமளவென்று இறக்கிவிட்டன. வில்லை வேறு வடிவத்துக்குப் போனது. கிட்டப் பார்வை கெட்டது. கண்ணாடி எதிரியாகிவிட்டது. பசியைக் கொல்லும் மாத்திரை நரம்புகளைத் துரத்தி, பாப்பாவை (கருவிழியின் நடுத் துவாரம்) விரித்து வைத்தது. விளக்கைச் சுற்றி வந்த வளையம் அதனால்தான் இருக்கும் என்றார். சிலருக்கு அதே மாத்திரை கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றி, நிஜமாகவே பார்வையைப் பறித்துவிடுமாம்.

"குருடாக மாட்டேனா, டாக்டர்?"

"இதனால இல்ல. ஆனா விழித்திரையில (கண்ணின் பின்சுவரில் படம் விழும் படலம்) ரெண்டு மூணு ரத்தப் புள்ளி இருக்கு. அது பழைய சர்க்கரையோட வேலை. சர்க்கரை வேகமா இறங்கினா அது கொஞ்ச நாள் கூடவும் செய்யலாம். அதை விடாம பாத்துக்கிட்டே இருக்கணும். மஞ்சள் மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க. சர்க்கரை மாத்திரைய நிறுத்தவே கூடாது. மாத்திச் செஞ்சிடாதீங்க."

"புதுக் கண்ணாடி?"

"இப்ப எடுக்காதீங்க. இருக்கிறதையும் போடாதீங்க. கண்ணு அடங்கட்டும். சில வாரம் ஆகும். சிலருக்குக் கூடவும் ஆகும்."

"என் மனைவி வெள்ளிக்கிழமை வர்றாங்க, டாக்டர்."

"வரட்டும். உங்களைப் பாக்கத்தானே வர்றாங்க."

"நான் பாக்கணுமே."

அவர் அடுத்த முறை வர வேண்டிய தேதியை எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா பேச்சை மீறிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுபாங் விமான நிலையத்துக்குப் போனேன். புது ஃபிரேம், மீசை இல்லாத குறையை அதுவாவது ஈடுகட்டட்டும் என்று. மேல்மாடியில் கம்பியைப் பிடித்து நின்றேன். விமானத்திலிருந்து நிறங்கள் இறங்கி வந்தன. மஞ்சள் புடவை ஒன்று. சரோஜாவுக்கு மஞ்சள் பிடிக்கும். இரண்டு கையையும் ஆட்டினேன். மஞ்சளும் திரும்ப ஆட்டியது. பதினோரு மாதத்துக் கையாட்டல் அது. தோள் வலிக்கும் வரை விடவில்லை.

கீழே வந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"மேல நின்னு யாருக்குங்க அப்படிக் கை ஆட்டுனீங்க?"

"உனக்குத்தான்."

"நான் கடைசியா இறங்குனேன். நீலச் சட்டை போட்டிருக்கேன். அந்த அம்மா யாரு?"

திரும்பினேன். நீலமாக ஒரு புகை நின்றது. அவள் நர்ஸ். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் கண்ணாடியைக் கழற்றினாள். கட்டை விரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "மீசை எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கண்ணாடி இல்லாமல் தூரம் ஓரளவு தெரிந்தது. கிட்டேதான் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் முகம் பாலாடை. ஹாலின் மறுகோடிக்குப் போனால் மூக்கு, புருவம், கன்னத்து மச்சம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அதனதன் இடத்தில் உட்காரும்.

"கொஞ்சம் பின்னாடி போ, சரோ."

"இன்னும் எவ்வளவு பின்னாடி? ரியாத்துக்கா?"

சிரித்துக்கொண்டே போனாள். அந்த மாதம் முழுக்க எங்கள் குடித்தனம் அப்படித்தான் நடந்தது. அருகில் இருந்தபோது குரலும் கையும். பார்க்க ஆசை வந்தால் அவள் எழுந்து சமையலறை வாசல்வரை போய் நிற்பாள். சில மாலைகளில் அங்கேயே நின்றபடி தலை பின்னிக்கொள்வாள். எனக்காக மெதுவாகப் பின்னினாள் என்று நினைக்கிறேன். தொடலாம், பார்க்க முடியாது. பார்க்கலாம், தொட முடியாது. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்கவே இல்லை. மாதம் முடிந்தது. போய்விட்டாள்.

அவள் போன மறு வாரம், ஒரு காலையில் சர்க்கரை மாத்திரைப் பையைக் கையில் எடுத்தேன். அதன் மேல் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. சரோஜாவின் எழுத்து. படிக்க முடிந்தது. 'சாப்பாட்டுக்கு முன் 1. கமலம் கொடுப்பது 0.'

சிரித்தேன். பிறகு, படிக்க முடிகிறது என்பது உறைத்தது. சுற்றிப் பார்த்தேன். மேசையின் கீறல், என் நகத்து வெள்ளை, சுவரில் ஊரும் எறும்பு, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. பதினோரு மாதம் சேர்த்து வைத்த பார்வை முழுதாகத் திரும்பியிருந்தது. பார்க்க வேண்டியது மட்டும் அந்த வீட்டில் இல்லை.

இதே நிலையில் இருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் கொஞ்சம்தான் இருக்கிறது. பிளாஸ்டிக் பையை டாக்டரிடம் நீங்களே எடுத்துக் காட்டுங்கள். கனைக்க ஒரு கமலம் எல்லோருக்கும் வாய்க்காது. கண் மங்கியதும் கண்ணாடிக் கடைக்கு ஓடாதீர்கள். கண்ணின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் புள்ளிகள் இன்னும் அங்கேயே இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மா அவற்றை நலம் விசாரிக்கிறார். கண் என்பது ஜன்னல் மாதிரி அசையாமல் இருக்கும் பொருள் என்று நினைத்திருந்தேன். அது தினமும் கொஞ்சம் ஊறி, கொஞ்சம் வற்றிக்கொண்டிருக்கிற ஒன்று. பார்ப்பதைச் சேர்த்து வைக்க முடியாது. இப்போதெல்லாம் யாராவது எதிரே உட்கார்ந்தால் அப்போதே பார்த்துவிடுகிறேன். சிலர் சங்கடப்படுகிறார்கள்.

அடுத்த ஆண்டு சரோஜா வந்தாள். நீலச் சட்டையை மாடியிலிருந்தே அடையாளம் கண்டு, சரியான ஆளுக்கே கை ஆட்டினேன். மீசையும் வளர்ந்திருந்தது. தொப்பையும்தான். வீட்டுக்கு வந்து பெட்டியை வைத்தவள், பழக்கத்தில் நேரே போய்ச் சமையலறை வாசலில் நின்றாள்.

"இங்கேருந்து தெரியுதா?"

மச்சம் தெரிந்தது. புருவத்துக்கு மேலே புதிதாக ஒரு நரை தெரிந்தது.

"தெரியல. கிட்ட வா" என்றேன்.