கேமராவா லென்ஸா

தாராவியில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களின் கல்யாணங்களுக்கு நான் போட்டோ எடுக்கிறேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாலு பேர் நடுவில் பேசக் கூச்சம். கேமராவுக்குப் பின்னால் நிற்பவனை யாரும் பேசச் சொல்வதில்லை. அதனாலேயே இந்தத் தொழிலில் ஒட்டிக்கொண்டேன்.

போன தை மாதம் அம்மன் கோயிலில் ஒரு முகூர்த்தம். சன்னதி முன்னால் ஃபிளாஷ் போட அங்கே அனுமதியில்லை. இருக்கிற வெளிச்சத்தில், கையை ஆட்டாமல் எடுக்க வேண்டும். தாலி கட்டும் படத்தைத்தான் ஊரிலிருக்கும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பார்கள். அந்தப் படம் கலங்கிவிட்டது. அடுத்தடுத்து அழுத்தியவையும் கலங்கல்தான்.

படங்களைப் பார்க்க வந்த பெண்ணின் தாய்மாமன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, மாப்ள புகைக்குள்ள நின்னா தாலி கட்டுனாரு? கழுத்து எது, கை எதுன்னே தெரியலயே!”

பெண்ணின் அம்மா சிரிக்கவில்லை. “தாலி தெளிவா விழலயே. இது நல்லதுக்கா?” என்று என்னைக் கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் எழுந்து போய்விட்டார்.

கேமராவுக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். இன்னொரு தாலி இப்படிக் கலங்கினால் அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு சயானில் ரயில் ஏறி, ஃபோர்ட் பக்கம் பழைய கேமரா விற்கும் பாயிடம் போனேன். அவரும் எங்கள் ஜில்லாக்காரர்.

கண்ணாடி மேசைமேல் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று, மங்கலான வெளிச்சத்திலும் நன்றாக எடுக்கும் கேமரா. இன்னொன்று, என் பழைய கேமராவிலேயே மாட்டக்கூடிய லென்ஸ். என்னிடம் இருந்த பணத்துக்கு ஏதாவது ஒன்றுதான் வாங்க முடியும்.

“லென்ஸுல என்ன விசேஷம் பாய்?”

“கை ஆடுனாலும் படம் ஆடாது. உள்ள இருக்க கண்ணாடி தானா நகந்து சரி பண்ணிரும்.”

“எனக்கு எதுக்கு அது? கேமராவே குடுங்க.”

“அவசரப்படாதீங்கண்ணே. பழசுல என்ன கோளாறுன்னு பாத்துருவோம்” என்று என் கேமராவை வாங்கி, எதிரிலிருந்த மருந்துக்கடைப் பலகையைப் படம் எடுத்தார். சிறிய எழுத்துகள்கூடத் தெளிவாக விழுந்திருந்தன. அதே இடத்தில் நின்று, எதையும் மாற்றாமல் நான் எடுத்தேன். எழுத்துகள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. மறுபடி எடுத்தேன். மறுபடியும் அப்படித்தான்.

பாய் திரையைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார்.

“காலைல சாப்பிடாம வந்துட்டீங்களோ?”

“ஆமா பாய்” என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன்.

என் அப்பாவுக்கும் நடுக்கம் இடது கையில்தான் தொடங்கியது. தோல் பட்டறையில் கத்தி பிடித்தவர். கடைசியில் சோற்றை அம்மாதான் ஊட்டினாள். தொடங்கியபோது அவருக்கு, எனக்கு இப்போது ஆகும் வயதுதான்.

பாய் லென்ஸை மாட்டிக் கொடுத்தார். கண்ணை வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். உள்ளே ஏதோ மெல்ல முனகியது. ஆடிக்கொண்டிருந்த பலகை அப்படியே நின்றது. பொத்தானை விட்டேன்; பலகை மறுபடி ஆடியது.

“ஒரு அளவுக்குத்தான் தாங்கும்ணே. அதுக்கு மேல ஆடுனா இதாலயும் முடியாது.”

லென்ஸை வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மனைவி பெட்டியைத் திறந்து பார்த்தாள். “புதுக் கேமரா வாங்கப் போறேன்னீங்க?”

“இதுவே போதும்னு தோணிச்சு.”

“இதுல கை நிக்குதா?” என்று கேட்டாள்.

கையைப் பற்றி நான் அவளிடம் பேசியதே இல்லை. அன்று அவள் தந்த டீ பாதி டம்ளர்தான் இருந்தது. சில மாதங்களாகவே அப்படித்தான் ஊற்றுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த முகூர்த்தமும் அதே கோயிலில் வந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றேன். கெட்டிமேளம் கொட்டியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போட்டாள். தாலி தெளிவாக விழுந்திருந்தது, மஞ்சள் கயிற்றின் முறுக்கு உட்பட.

“நல்ல கேமரா அண்ணாச்சி!” என்றார் பெண்ணின் அப்பா.

கூட்டம் பந்திக்கு நகர்ந்ததும் தூண் ஓரமாகப் போய் லென்ஸுக்கு மூடி போடப் பார்த்தேன். மூடி விளிம்பில் தட்டித் தட்டி விலகியது. வலது கையில்தான் மூடியைப் பிடித்திருந்தேன்.

வீடியோ எடுப்பவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார். எத்தனையோ கல்யாணங்களில் என்னோடு நின்றவர். மூடியை என் கையிலிருந்து எடுத்து ஒரே அழுத்தில் மாட்டினார்.

“அடுத்த வேலைக்கு எம் மச்சினனையும் கூட்டிட்டு வாரேன் அண்ணாச்சி. போட்டோ எடுக்கப் படிச்சிருக்கான்” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்: “சும்மா, உங்க பையத் தூக்கத்தான்.”

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் என் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு பந்திப் பக்கம் நடந்துவிட்டார்.