ஃபெர்னானின் தக்காளியும் அல்தேயாவின் காதும்

இல்லை, அது பொய். அல்தேயா மெலான்சோன் பக்கத்து வீட்டுச் சுவரில் காதை வைத்து ஒட்டுக்கேட்டாள், நல்ல குடும்பத்தைக் கலைத்தாள் என்று தெருவில் பேசுகிறவர்கள் ஒருநாள் அவள் வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் பேசட்டும். குளிர்பெட்டியை அணைத்துவிட்டுத்தான் பாட்டுக் கேட்பாள், உண்மை. அது உறுமிக்கொண்டிருந்தால் பாட்டு எங்கே கேட்கும்? சுவரில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டாள், அதுவும் உண்மை. வெறும் சுவரில் பட்ட சத்தம் திரும்பி வந்து பாட்டின் மேலேயே விழுகிறதே! ஆனால் சுவரில் காதை வைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லவே இல்லை.

ஷெடியாக் ஊரில் முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்தப் பிள்ளை பின்னால் இருக்கையை உதைக்கிறது என்று திரும்பிப் பாராமல் பெயர் சொல்லி அதட்டுவாள். அந்தக் காது ஓய்வு பெற்றால் சும்மா இருக்குமா? கணினியில் கிடந்த, அமுக்கிச் சுருக்கிய பாட்டுகளை அழித்துவிட்டு முழுசாகப் பதிந்தவற்றை வாங்கினாள். கணினியின் எண்களை ஒலியாக்கித் தரும் சின்னப் பெட்டி ஒன்றும் வாங்கினாள். ஸ்பீக்கர் இரண்டையும் சுவரை விட்டு மூன்றடி முன்னால் இழுத்து வைத்தாள். வந்தவர்கள் இடறி விழுந்தார்கள். விழட்டும்.

இத்தனையும் ஒரு பாட்டுக்காக. பாட்டுகூட இல்லை, அதற்கு முந்தைய நொடிக்காக. வயலின்காரர் காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டுவார், மூச்சை இழுப்பார், அப்புறம்தான் வில் இறங்கும். அந்த மூச்சு அவளுக்குக் கேட்டாக வேண்டும். அந்த மனிதர் ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டு வந்தவர். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பாள். சரி, இல்லாமலே இருக்கட்டும்.

பனிக்காலம் முழுக்கக் கேட்ட மூச்சு ஏப்ரலில் காணாமல் போயிற்று. பாட்டிலுக்குள் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு ரீங்காரம் அதை மூடிவிட்டது. ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றினாள். வீட்டில் இருந்த அத்தனை விளக்கையும் கடிகாரத்தையும் பிடுங்கிப் போட்டாள். போகவில்லை. அப்படியானால் மின்சாரத்தோடு வெளியிலிருந்துதான் வருகிறது. காலை ஆறுக்குத் தொடங்கும், இரவு பத்துக்கு நிற்கும். போன வருடமும் ஏப்ரலில் வந்து ஜூன் கடைசியில் போனது. அவளுக்குப் பொறி தட்டியது.

அவளுடையது ஒரே கூரையின் கீழ் இருக்கும் இரண்டு வீட்டில் ஒன்று. அடுத்த பாதியில் ஃபெர்னான் கோடே. ஜூன் கடைசியில் நடக்கும் மாதாகோவில் சந்தையில் வருடத்தின் முதல் தக்காளிக்கான பரிசை ஏழு வருடமாக விடாமல் வாங்குகிறவன். விதி ஒன்றுதான்: சூரிய வெளிச்சத்தில் பழுத்ததாக இருக்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிப்பதற்குள் ஜூன் பிறந்துவிட்டது. வேலியோரம் அவனைப் பிடித்தாள்.

"ஏன்யா ஃபெர்னான், உன் வீட்டு நிலவறையில சூரியன் ஆறு மணிக்கு உதிச்சு பத்து மணிக்கு மறையுதாமே?"

அவன் கையிலிருந்த தண்ணீர்க் குழாய் அவன் செருப்பையே நனைத்தது. "மெதுவாப் பேசு தாயே. மூரியெல் காதுல விழுந்துரும்."

"பொண்டாட்டிக்கே தெரியாதா? துணி துவைக்கக் கீழ போகமாட்டாளா?"

"அவளுக்கு முட்டி வலி, படி இறங்கமாட்டா. துணியெல்லாம் நான்தான் துவைக்கிறேன்."

"அடப்பாவி! உன்னை மாதிரி புருஷன் உண்டான்னு ஊரே பேசுது, இதுக்குத்தானா?" சிரித்து முடித்துவிட்டுப் பேரம் பேசினாள். "நான் பாட்டுக் கேக்குற நேரம், ரெண்டு மணிலேருந்து நாலு வரைக்கும், அந்தத் தக்காளி விளக்கை அணைச்சிடு. நான் வாயத் திறக்கல."

ஒன்பது நாள் வார்த்தை காப்பாற்றினான். பிறகு வானம் மூடிக்கொண்டது, காய் பச்சையாகவே நின்றது, சந்தையோ நெருங்கிவிட்டது. பத்தாம் நாள் இரண்டரைக்கே ஈ திரும்பி வந்தது. அவள் சுவரைத் தட்டினாள். அவனுக்குப் பயம் பிடித்துவிட்டது. இவள் சொல்வதற்குள் நாம் முந்திக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் ஆரம்பித்தான்: "பாவம் அல்தேயா. எங்க வீட்டுக்குள்ள சூரியன் கத்துதாம், அது காதுல கேக்குதாம்." எல்லோரும் சிரித்தார்கள். இனி அவள் எதைச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

சந்தை நாள் காலையில் ஃபெர்னான் ஒரு பழத்தோடு முன்னால் போய்விட்டான். மூரியெல், நல்ல மனசுக்காரி, கோழிச்சாறு எடுத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க வந்தாள். அல்தேயா ஒன்றும் வாதாடவில்லை. அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டாள்.

"கேக்குதா?"

"ஏதோ ஈ மாதிரி..."

"அது உன் வீட்டு நிலவறையில இருக்கு. போய் அணைச்சிட்டு வா."

மூரியெல் போனாள். அல்தேயா பாட்டை முதலிலிருந்து வைத்தாள், நிறுத்தினாள், மறுபடி வைத்தாள். நாலாம் முறை ரீங்காரம் பட்டென்று அறுந்தது. கால் இரண்டு தட்டுத் தட்டியது. மூச்சு, அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து இழுத்த மாதிரி. வில் இறங்கியது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், "ஃபெர்னா...ன்!"

முட்டி வலி போன இடம் தெரியவில்லை. படியேறி வரும் சத்தம், வாசல் கதவு அறையும் சத்தம், கார் கிளம்பும் சத்தம். அல்தேயா பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். பாட்டு எங்கும் போய்விடாது, மூரியெலின் கார் சந்தைக்குப் போய்விடும்.

"இருடி, நானும் வரேன்!" என்று கத்திக்கொண்டே, ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டோடு கதவைத் திறந்து வெளியே போனாள்.