முள் குத்திய நாள்

ஓத்தீலியாவின் வலது கை மரத்துப்போனதற்குப் பச்சைத் தண்ணீர்தான் காரணம் என்பது பொகோட்டா மேட்டுநிலத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடமாக ரோஜாப் பண்ணையில் கத்தரி பிடிக்கிறவள், வேலை முடிந்த சூட்டோடு ஒருநாள் குழாயில் கையை நனைத்துவிட்டாள். பரிகாரமாக, சாயங்காலம் கை கழுவுவதையே விட்டாள். கம்பளிக் கையுறையோடு சாப்பிட்டாள், தூங்கினாள்.

கை கேட்கவில்லை. விடியுமுன் மரத்து எழுப்பும். உதறினால் கொஞ்சம் அடங்கும். பொத்தான் போடப் புருஷனைக் கூப்பிட்டாள். அவர் தினமும் ஒரு துளை தள்ளியே போட்டார். முள் குத்தியது அவளுக்குத் தெரிவதில்லை. சட்டையில் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்து வீட்டு எலியேசர் கை நீவிவிடுகிறவர். "குளிர் உள்ள இறங்கிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போனா நரம்பை வெட்டிருவாங்க. அப்புறம் கை வெறும் கரண்டிதான்" என்றார். அந்தப் பயத்தில் ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒருநாள் சூடான சூப் கிண்ணம் கைநழுவி மாமியார் மடியில் விழுந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது மாமியார்தான்.

"சுண்டுவிரலும் மரக்குதாக்கா?" என்று கேட்டாள் டாக்டர்.

"அது நல்லாத்தான் இருக்கு."

"குளிர்னா அதை மட்டும் விட்டுவைக்குமா? அதுக்குப் போற நரம்பு வேற. உங்களுக்கு மணிக்கட்டுல ஒரு நரம்பு நசுங்குது."

புறங்கைகளை ஒட்டி, மணிக்கட்டை மடக்கச் சொன்னாள். ஒரு நிமிடத்துக்குள் மற்ற விரல்களில் எறும்பு ஊர்ந்தது. கட்டைவிரல் மேடும் வற்றியிருந்தது.

"முன்னாடியே வந்திருந்தா ராத்திரி மணிக்கட்டை நேரா நிறுத்துற பட்டையும் ஓய்வும் போதும். இப்ப ஆபரேஷன்தான்."

"நரம்பை வெட்டுவீங்களா?"

"அதை அமுக்குற நாரை மட்டும்தான் வெட்டுவோம்."

"தொட்டா தெரியுமா?"

"மெதுவா வரும்க்கா. முழுசா வரும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

ஓத்தீலியா அங்கேயே அழுதாள். அழுது முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் அந்த விரல்களில் ஒன்றும் தெரியவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் எலியேசர். பண்ணையில் கத்தரியை வாங்கிக்கொண்டு பூ தரம் பிரிக்க நிறுத்தினார்கள். மூன்றாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆள்காட்டி விரல் வலித்தது. குனிந்து பார்த்தாள். ரத்தம் இன்னும் வரவில்லை.

"என்னாச்சு?" என்றார் மேஸ்திரி.

"முள்ளு குத்திருச்சு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இதுக்கா அழுவுற? பதினாறு வருஷ ஆளு!"

அவள் அதே விரலை அதே முள்ளில் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள்.