அம்சவேணி போட்ட கையெழுத்து

பர்மாவில், லைங் தாயா என்ற ஆலைப் பேட்டையில், தையல் ஆலைகளுக்குப் பின்பக்கமாகப் போகும் தெரு ஒன்றில் அம்சவேணியின் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, சின்ன லேத்து ஒன்று, துளை போடும் மெஷின் ஒன்று, ஆணிகளில் தொங்கும் பழைய உதிரிகள். ஆலைப் பெண்களின் சொந்தத் தையல் மெஷினிலிருந்து தண்ணீர் பம்பு வரை, அந்த வட்டாரத்தில் எது நின்றுபோனாலும் அங்கேதான் வந்து சேரும். பர்மியர்கள் அவளை மரியாதையாக மா வேணி என்பார்கள். வயது நாற்பத்தெட்டு. கண்ணாடி போட்டால்தான் ஊசித்துளை தெரியும். ஆனால் ஒரு மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. இருபத்தாறு வயதில் ஓர் ஆலையில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் நின்றால் மெக்கானிக் வர அரை நாள் ஆகும். அந்த அரை நாளின் குறை அவள் தலையில் விழும். ஒருநாள் பொறுக்காமல் தானே திருகாணியைக் கழற்றிச் சரிசெய்து ஓட்டினாள். மேற்பார்வையாளர் வந்து, "பொம்பளை மெஷினைத் திறக்கக் கூடாது, தைக்கத்தான் செய்யணும்" என்றார். மறுநாளும் திறந்தாள். மூன்றாம் முறை வேலையை விட்டு அனுப்பினார்கள். கையில் வைத்திருந்த திருப்புளியோடு நடந்து வந்து இந்தப் பட்டறையைப் போட்டாள்.

அவள் கணவர் பிரேம்நாத், ஆலைப் பெண்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸின் டிரைவர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே நிறுத்திவிடுவார்.

போன வருஷம் தண்ணீர்த் திருவிழா முடிந்த வாரம், எல்லோரும் 'சயா' என்று மரியாதையாகக் கூப்பிடும் வார்டு தலைவர் ஊ தெய்ன் ஸோ, தெருக்காரர்களுக்கு ஆள் அனுப்பினார். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஒவ்வொரு தெருவுக்கும் காவல் குழு வேண்டும், குழுவுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்றார். துப்பாக்கியை ஒரு தரகர் கொண்டுவருவார். தெரு சேர்ந்து வாங்க வேண்டும். வைத்துக்கொள்ள ஒருவர் பெயர் கொடுக்க வேண்டும்.

தெருவுக்காகப் பேசுகிறவர் இரும்புக்கடை பழனியப்பன். அன்று மாலை அவர் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, பொருளை யாராச்சும் பார்த்து நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுக்கணுமாம். மெஷின் தெரிஞ்ச ஆளு நம்ம தெருவுல நீதான். வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடு. தொல்லை விட்டுச்சுன்னு இருப்போம்."

"நல்லா இல்லைன்னா அண்ணே?"

"நல்லா இல்லைன்னாலும்தான்" என்றார் பழனியப்பன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிரேம்நாத் வீட்டில் அதையே வேறு மாதிரி சொன்னார். "வேணி, துப்பாக்கி நமக்குத் தெரியாதுன்னு சொல்லிடு. தெரியாதுன்னு சொல்றதுல என்னா தப்பு?"

"தெரியாதுதான். ஸ்பிரிங் தெரியும்ல?" என்றாள் அவள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு வார்டு அலுவலகத்தில் தெருக்காரர்கள் இருபது பேர் கூடியிருந்தார்கள். தரகர் வெயில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, துணிப்பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தார். முழங்கை நீளம்கூட இல்லை. குட்டையான குழல், தோளில் வைக்க மடிப்புக் கட்டை, கீழே தோட்டாப் பெட்டி சொருகும் வாய். ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்தது தானே ஏறிக்கொள்ளும், விசையை மட்டும் திரும்ப அழுத்தினால் போதும் என்றார். சட்டைக்குள் மறைத்து வைக்கலாம், ஒரு கையால் சுடலாம், பெண்கள்கூடச் சுடலாம் என்று சொல்லி அம்சவேணியைப் பார்த்துச் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. "காலியா இருக்கா?"

"காலிதான். பெட்டியைக் கழற்றிட்டேனே."

ஆலையில் இருந்த காலத்திலேயே அவளுக்கு ஒரு பழக்கம். சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் தானே போய்ப் பார்க்காமல் மெஷினுக்குள் விரலை விடமாட்டாள். துப்பாக்கியை எடுத்து, ஆளில்லாத சுவர்ப்பக்கம் குழலைத் திருப்பி, மேலிருந்த பிடியைப் பின்னால் இழுத்தாள். உள்ளேயிருந்து ஒரு தோட்டா துள்ளி வந்து மேசையில் விழுந்து, உருண்டு, தலைவரின் தேநீர்க் கோப்பையில் இடித்து நின்றது.

முன்வரிசையில் இருந்தவர்கள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்கள். தரகர் கண்ணாடியை நெற்றியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இதைத்தான் இத்தனை நேரம் எங்க பக்கம் திருப்பி வச்சிருந்தீங்க" என்றாள் அம்சவேணி.

அதற்குப் பிறகு அவள் அவசரப்படவில்லை. டார்ச்சை எடுத்துக் குழலுக்குள் அடித்துப் பார்த்தாள். நீளமான குழலை யாரோ ரம்பத்தால் அறுத்துக் குட்டையாக்கியிருந்தார்கள். வாய் சாய்வாக இருந்தது. அரத்தால் தேய்த்தும் பிசிறு போகவில்லை. தோட்டாப் பெட்டியின் ஸ்பிரிங்கை விரலால் அழுத்தினாள். பாதியில் சோர்ந்து ஒருபக்கமாகச் சாய்ந்தது. பிறகு காலித் துப்பாக்கியின் மேல்பிடியை இழுத்துச் சுடும் நிலையில் வைத்து, பூட்டைப் போட்டு, தன் பையிலிருந்த மரச்சுத்தியால் பின்பக்கம் லேசாக ஒரு தட்டு தட்டினாள். உள்ளே டக் என்று அடித்தது. மறுபடி இழுத்து வைத்து இன்னொரு முறை தட்டினாள். மறுபடி டக்.

"விசையை நான் தொடவே இல்லை. பார்த்தீங்கள்ல?" என்று கூட்டத்தைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "உள்ளே பிடிச்சிருக்கிற கொக்கி தேஞ்சிருக்கு. பூட்டு பேருக்குத்தான் இருக்கு. இது கைதவறிக் கீழே விழுந்தா, எதிர்ல எவன் இருக்கானோ அவன் போனான்."

தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதனால என்ன, வேற ஒண்ணு கொண்டுவர்றேன். புதுசு."

"புதுசை வச்சு யாரைச் சுடறது?"

"திருடனை" என்றார் ஊ தெய்ன் ஸோ.

"எங்க தெருவுல போன வருஷம் போனது ஒரு சைக்கிள், சயா. அதை எடுத்தவன் யாருன்னு எங்களுக்குத் தெரியும். அவன் வீட்டுல அடுப்பு எரிஞ்சு எத்தனை நாளாச்சுன்னும் தெரியும். அவனைச் சுட எங்களுக்குத் துப்பாக்கி வேணாம். இதை வாங்கினா நாளைக்கு வேற எங்கேயோ சண்டைன்னு எங்களை முன்னால கொண்டுபோய் நிறுத்துவீங்க. அதுக்குத்தானே பேரு கேக்குறீங்க?"

தலைவர் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். பர்மிய மொழியில் முன்பே எழுதி வைத்திருந்தார்கள்: தெருவார் சார்பில் பரிசோதித்து, நன்றாக இருப்பதாகக் கண்டு, மனமொப்பி வாங்கிக்கொள்கிறோம். கீழே கையெழுத்துக்கு இடம்.

அம்சவேணி பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தாள். அதன் கீழே எழுதினாள்: பரிசோதித்தேன். உதவாது. உதவினாலும் எங்கள் தெருவுக்கு வேண்டாம். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அதைச் சத்தமாக ஒருமுறை வாசித்துவிட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை வார்டு ஆட்கள் வந்து, பட்டறைக்கு வரும் மின்கம்பியை மட்டும் அறுத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. அதற்கு மறுநாள் விசாரணை என்று ஆள் வந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை அலுவலக வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் எதுவும் கேட்கவில்லை. மாலையானதும் உள்ளேயிருந்து ஊ தெய்ன் ஸோ வந்து, "வேற தாள் இருக்கு. நல்லபடியா எழுதிக் கொடுத்துட்டா வேலையைப் பார்க்கப் போகலாம்" என்பார்.

"எழுதினது எழுதினதுதான், சயா."

"அப்போ நாளைக்கு வாங்க."

இப்படி மூன்று நாள் போயின. அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. பெஞ்சில் இருக்கும்போது வாசலில் ராணுவ வண்டி நின்றால் உள்ளங்கையை இடுப்பில் கட்டிய லொஞ்சியில் துடைத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். "அவங்க அடிச்சாக்கூடத் தாங்கிடுவேன். சும்மா உக்கார முடியலைங்க" என்றாள்.

நான்காம் நாள் மதியம் வார்டு அலுவலக வாசலில் ஆலை பஸ் ஒன்று வந்து நின்றது. ஷிப்டு மாறும் நேரம். உள்ளே நாற்பது பெண்கள் இருந்தார்கள். பிரேம்நாத் இறங்கி, ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியரும் மறுகையில் அவளுடைய கருவிப்பெட்டியுமாகப் படியேறி வந்தார். காவலர் தடுத்தபோது, "இது சாப்பாடு, இது அவ வேலை. உக்காரத்தானே சொன்னீங்க, கையைக் கட்டச் சொல்லலியே" என்றார். தன் வாழ்நாளில் அவர் சீருடைக்காரரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பெட்டியைப் பெஞ்சில் வைக்கும்வரை அவர் திரும்பவில்லை.

பஸ்ஸில் இருந்த பெண்களில் ஷிரின் என்பவளின் தையல் மெஷின் ஒரு மாதமாக நின்றுகிடந்தது. மறுநாள் அவள் அதன் உள்பாகத்தைத் துணியில் சுற்றி நேராக வார்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தாள். அம்சவேணி பெஞ்சிலேயே பழைய செய்தித்தாளை விரித்துக் கழற்றி மாட்டிக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் ஐந்து பேர். அப்புறம் கணக்கில்லை. பிறப்புச் சான்றுக்கு வந்தவர்கள் ஒருபக்கமும் தையல் மெஷினின் அடிநூல் சுற்றும் பாபின் கேஸ் சரிபார்க்க வந்தவர்கள் மறுபக்கமுமாக வராந்தா நிறைந்தது. எண்ணெய்ப் புட்டியும் பிரஷ்ஷும் ஜன்னல் விளிம்பில் நிரந்தரமாக இடம் பிடித்தன. எட்டாம் நாள் அந்த அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணே தன் தையல் மெஷினை ரிக்ஷாவில் ஏற்றிக் கொண்டுவந்து, தலைவர் இருக்கும் அறையைப் பார்த்துக்கொண்டே, "மா வேணி, இதுல நூல் அறுந்துகிட்டே இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

வருகிறவர்கள் எல்லோரும், ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அவள் ஒளிக்காமல் சொன்னாள். தோட்டா உருண்ட கதையும் சுத்தியால் தட்டிய கதையும் அந்த வட்டாரம் முழுக்கப் பரவின. மற்றத் தெருக்காரர்களும் எங்கள் துப்பாக்கியை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை, ஊ தெய்ன் ஸோ வராந்தாவுக்கு வந்து நின்றார். "விசாரணை முடிஞ்சது. போங்க. நாளைக்கு வரவேணாம்."

அம்சவேணி வாயிலிருந்த ஊசியை எடுத்தாள். "வெள்ளிக்கிழமைவரைக்கும் இங்கே இருப்பேன்னு ஏழு பேர்கிட்டச் சொல்லியிருக்கேன், சயா. பட்டறையிலதான் கரண்டு இல்லியே. இங்கே வெளிச்சம் நல்லா இருக்கு."

அவர் வராந்தாவில் காத்திருந்த பெண்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வெள்ளிக்கிழமை மாலைவரை இருந்து, ஏழு மெஷின்களையும் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பெஞ்சைத் துடைத்து எழுந்தாள்.

அது சும்மா முடிந்துவிடவில்லை. பிரேம்நாத்தின் பஸ் வேலை போயிற்று. பஸ் முதலாளிக்கு யாரோ போன் செய்திருந்தார்கள். இப்போது அவர் த்வாண்டே என்ற ஊரிலிருந்து மண்பானை ஏற்றி வரும் லாரி ஓட்டுகிறார். முன்பு போலச் சீக்கிரம் வண்டியை நிறுத்துவதில்லை, கை காட்டினால்தான் நிறுத்துகிறார் என்று அம்சவேணி சொல்லிச் சிரிப்பாள். மின்சாரம் மழைக்காலம் பாதி போனபிறகுதான் வந்தது. அதுவரை லேத்தை டீசல் மோட்டாரில் ஓட்டினாள்.

அந்தத் தெருவுக்குத் துப்பாக்கி வரவில்லை. இந்த வருஷம் வேறொரு தரகர், வேறொரு பையோடு இரும்புக்கடைக்கு வந்தார். பழனியப்பன் பையைத் திறக்கவே விடவில்லை. கல்லாவை விட்டு எழுந்து வாசலுக்கு வந்து, பட்டறை இருக்கும் திசையைக் கை நீட்டிக் காட்டினார்.

"முதல்ல எங்க தங்கச்சி பார்க்கட்டும். இருபது பேரு முன்னால பார்ப்பா. சம்மதமா?"

தரகர் பையை எடுத்துக்கொண்டு, காட்டிய திசைக்கு எதிர்த்திசையில் நடந்தார்.