குளுவாங்கில் புரொபசர் காது பார்த்த நாள்

1. ஒரு கையும் ஒரு வகுப்பும்

பிணத்தைக் கண்டு மயங்கி விழுந்த மாணவர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். என் முதல் நாளில் மயங்கி விழுவதற்குப் பிணமே இல்லை.

அனாடமி டிமான்ஸ்ட்ரேட்டராக, அதாவது உடலை அறுத்துக் காட்டும் ஆசிரியராக, வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, ஜொகூர் பாருவில் இருந்த வீட்டிலிருந்து கிளம்பிப் பாலத்தைக் கடந்து கல்லூரிக்குப் போனேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அதன் மேல் எனக்குக் கோபமில்லை, பென்ஷன் ஒழுங்காக வருகிறது. அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைக் கோட்டுடன் டிசெக்ஷன் ஹாலுக்குள் நுழைந்தேன். ஒரு மேசையில் ஒரே ஒரு கை கிடந்தது. அதைச் சுற்றி வகுப்பே நின்றது. முன் வரிசைக்காரர்கள் கையைப் படித்தார்கள். பின் வரிசைக்காரர்கள் முன் வரிசைக்காரர்களின் பிடரியைப் படித்தார்கள். அந்த ஆண்டு வெளியே போன டாக்டர்கள் பிடரி விஷயத்தில் கெட்டிக்காரர்களாக இருந்திருக்க வேண்டும்.

மணிக்கட்டு எலும்புகளின் பெயர்களைக் கேட்டால் தேவாரம் மாதிரி ஒப்பித்தார்கள். "இது வலது கையா, இடது கையா?" என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. கடைசியில் ஒருவன், "சார், புத்தகத்தில் வலது கைதான் போட்டிருக்கிறது" என்று தீர்ப்புச் சொன்னான். மேசையில் கிடந்தது இடது கை.

எங்கள் புரொபசர் ஒரு வெள்ளைக்காரர். நல்ல மனிதர், யாரையும் திட்டமாட்டார். திட்ட வேண்டுமானால் எதிரில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமே. அவருக்கு அளப்பதுதான் உயிர். மண்டை, மூக்கு, தாடை, எதைக் கண்டாலும் தோல் பையைத் திறந்து காலிப்பர் என்ற அளவு இடுக்கியை எடுத்துவிடுவார். மனிதக் காதைப் பார்த்தே குலம் கோத்திரம் சொல்லிவிடலாம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளின் காதுகளில் குடும்ப முத்திரை ஒன்று இருக்கும் என்றும், அதைத் தாம் கண்டுபிடிக்கப் போவதாகவும் தேநீர் வேளைதோறும் சொல்வார். நானும் தேநீர் வேளைதோறும் வியப்பேன். அதற்கும் சேர்த்துத்தான் சம்பளம்.

2. பஞ்சம்

அனாடமி வகுப்புக்குப் பாடி வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்து, உறவினர் யாரும் வந்து கேட்காத பாடிகளைக் கல்லூரிக்குக் கொடுப்பார்கள். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த அந்தக் காலத்தில், கேட்பாரில்லாமல் சாகிறவர்களுக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் ஹாலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. வெயிலில் கெட்டுப்போகும் முன் ஃபார்மலின் ஏற்ற ஆள் இல்லை என்று எல்லா ஊரிலும் புதைத்துவிட்டார்கள்.

ஆகவே, குளுவாங் பக்கம் ரயில் பாதையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து "ஒரு ஆண் பாடி இருக்கிறது" என்று தந்தி வந்ததும் டிபார்ட்மென்டில் கல்யாணக் களை வந்துவிட்டது. நான் ஊசியும் ஃபார்மலின் ஜாடியுமாகப் புறப்பட்டேன். புரொபசரும் கூட வந்தார். பாடிக்காக அல்ல. அங்கே ஒரு தோட்டத்துத் துரை அவரைக் காட்டுப் பன்றி வேட்டைக்கு அழைத்திருந்தார். ரயிலில் அவர் முதல் வகுப்பில் துப்பாக்கியுடன் வந்தார். நான் மூன்றாம் வகுப்பில் ஜாடியுடன் வந்தேன். என் பக்கத்தில் யாரும் உட்காராததால் என் பயணம்தான் சௌகரியமாக இருந்தது.

3. "கப்டன் எனக்கு மாமாவோ?"

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் லீவு. ஆட்சி முழுவதும் சீஃப் கிளார்க் கணபதிப்பிள்ளையின் கையில். என் அப்பாவைப் போல அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சர்க்கார் நாற்காலியைப் பிடித்தவர். சட்டத்தைத் தாமே பெற்று வளர்த்த மாதிரி பேசுவார்.

இறந்தவன் பெயர் சடையன். தோட்டத்தில் ஆள் குறைத்தபோது வெளியே அனுப்பப்பட்டவன். காய்ச்சலோடு ரோட்டோரம் கிடந்தவனை யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். நான் சவக்கிடங்கில் கையுறையை மாட்டிக்கொண்டு, ஃபார்மலின் ஏற்றத் தொடையில் ரத்தக் குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போது வாசலில் ஒரு சத்தம்.

"ஐயா, வெட்டிராதீங்கய்யா! ஆளு வந்துட்டேன், ஆளு வந்துட்டேன்!"

வந்தவன் மாரிமுத்து. சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். லாரிக்காரன் ஒருவன் சொல்லி விஷயம் தெரிந்து, பாதி வழி லாரியிலும் பாதி வழி நடையுமாக ஓடி வந்திருக்கிறான். நேராகச் சடையனின் காலைப் பிடித்துக்கொண்டான். கணபதிப்பிள்ளை பின்னாலேயே வந்தார்.

"நீ ஆர் இவருக்கு? அதைச் சொல்லு முதல்லை."

"மச்சானுங்க, கிராணி ஐயா." தோட்டத்து வழக்கில் கிளார்க் என்றால் கிராணி.

"எப்படி மச்சான்? அவரின்ரை தங்கச்சியைக் கட்டினியோ?"

"இல்லீங்க. ஒரே கப்பல்ல வந்தோம். நாகப்பட்டணத்துல ஏறுனது. எனக்கு வாந்தி பேதியா கெடந்தப்ப இவருதாங்க மடியில போட்டுக்கிட்டு வந்தாரு. கப்பல்ல செத்தா கடல்ல தூக்கிப் போட்ருவாங்கன்னு, நான் செத்தவன் மாரி கெடந்தப்பல்லாம் என்னோட பேசிக்கிட்டே இருந்தாருங்க, உசுரோட இருக்கேன்னு காட்ட. அன்னையிலேந்து மச்சான் முறைதாங்க."

கணபதிப்பிள்ளை என் பக்கம் திரும்பினார். "கேட்டனீங்களோ டொக்டர்? ஒரே கப்பலிலை வந்தவையாம், அதாலை சொந்தமாம். நானும் கப்பலிலைதான் வந்தனான். அப்ப கப்டன் எனக்கு மாமாவோ? ரத்த உறவு எண்டால்தான் பாடி குடுக்கலாம். நீங்கள் உங்கடை வேலையைப் பாருங்கோ."

மாரிமுத்து என் கையுறையைப் பிடித்துக்கொண்டான். "கடல்ல போடாம என்னக் காப்பாத்துனவருங்கய்யா. அவர மண்ணுல வைக்க வாணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. சட்டத்தின் மேல் வந்ததா, கணபதிப்பிள்ளையின் மேல் வந்ததா என்று பிரித்துப் பார்க்கவில்லை. பாடி எனக்கும் வேண்டியதுதான். அங்கே வகுப்பே பிடரி பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவன் அழும்போது அந்தக் காலில் ஊசி போட எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. கையுறையைக் கழற்றினேன்.

4. விஞ்ஞானம்

புரொபசர் வராந்தாவில் துரையின் காருக்காகக் காத்திருந்தார். போய்ச் சொன்னேன். "இவன் இறந்தவனுக்கு அண்ணன் தம்பி மாதிரி என்கிறான், சார்."

'மாதிரி' என்பதை நான் கொஞ்சம் மெதுவாகச் சொன்னது உண்மை. ஆனால் உரக்கச் சொல்லியிருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. அவர் முகம் அதற்குள் மலர்ந்துவிட்டது.

"அண்ணன் தம்பியா? அதற்கு எதற்கு விவாதம்? பார்த்தால் தெரிந்துவிடப் போகிறது!" என்று காலிப்பரை எடுத்துக்கொண்டு எழுந்தார். பன்றிக்குக் கொஞ்ச நேரம் ஆயுள் கூடியது.

அப்போதுதான் நான் தலைகளைப் பார்த்தேன். சடையனின் தலை நல்ல நெட்டுத் தலை. மாரிமுத்துவின் தலை தேங்காய் மாதிரி உருண்டை. அளந்தால் ஒட்டாது. ஒட்டாவிட்டால் விஞ்ஞானமே சொல்லிவிட்டது என்று கணபதிப்பிள்ளை கதவைச் சாத்திவிடுவார். பிறகு கவர்னரே வந்தாலும் மாரிமுத்துவுக்குப் பாடி கிடைக்காது.

புரொபசர் சடையனின் தலையை அளந்தார். மாரிமுத்துவின் தலையை அளந்தார். உதட்டைப் பிதுக்கினார். மாரிமுத்து ஒன்றும் புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு, முடிவெட்டக் கொடுத்தவன் போல நின்றான். கணபதிப்பிள்ளையின் முகத்தில் புன்னகை எட்டிப் பார்த்தது.

அப்புறம் புரொபசர் காதுக்கு வந்தார். சடையனின் காது மடலைத் திருப்பிப் பார்த்தவர், அப்படியே குனிந்துவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மாரிமுத்துவின் காதைப் பார்த்தார். மறுபடி சடையன். மறுபடி மாரிமுத்து.

"வியப்பு! கீழ் மடலின் நடுவில் ஒரு சின்னக் குழி. இருவருக்கும் இரு காதிலும் அதே இடத்தில்! தற்செயலாக இருக்கவே முடியாது. இதுதான் குடும்ப முத்திரை. இவர்கள் ஒரு தாய் பிள்ளைகள், சந்தேகமே இல்லை!"

அது காது குத்திய துளை. குழந்தையில் குத்தி, கடுக்கன் போட்டு, பஞ்சத்தில் கடுக்கனை விற்று, தூர்ந்துபோன துளை. தமிழனாகப் பிறந்த பாதிப் பேரின் காதில் அது இருக்கும். எனக்கும் இருந்தது. புரொபசரின் மூக்குக்கு நேரே தேநீர் வேளைதோறும் அந்தக் காதுகளோடுதான் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய கணக்குப்படி நானும் அந்தத் தாய்க்கு ஒரு பிள்ளை.

மெதுவாகக் கணபதிப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் காதிலும் துளை. அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பாடி எனக்கு, 'மாதிரி'யை விழுங்கியதற்கு வேலை இல்லை என்ற கடிதமும் எனக்கே. ஆனால் வெள்ளைக்காரப் புரொபசர் சந்தேகமே இல்லை என்று சொன்ன பிறகு, "சேர், அது ஓட்டை" என்று சொல்லும் சீஃப் கிளார்க் இந்த மலாயாவில் இன்னும் பிறக்கவில்லை. அவர் கை தன்னையறியாமல் எழுந்து, வலது காதை மூடிக்கொண்டது.

"ஓம் சேர். ரத்த உறவுதான்" என்றார்.

5. யார் மூத்தவர்?

புரொபசர் வேட்டைக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த இடுகாட்டில் குழி வெட்ட ஏற்பாடு ஆனது. நான் காலி ஜாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்புக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாரிமுத்து வந்து நின்றான்.

"ஐயா, தொரை என்னங்க சொன்னாரு? எப்படிக் குடுத்தாங்க?"

பாடியை வாங்கியாகிவிட்டது, சிரித்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். "நீயும் அவரும் கூடப் பிறந்தவங்கன்னு சொல்லிட்டாருப்பா. காதப் பாத்துச் சொன்னாரு."

அவன் சிரிக்கவில்லை. காதைத் தொட்டுப் பார்த்தான். 

"இருந்தாலும் இருக்குங்கய்யா. எங்கப்பன் மாட்டு யாவாரத்துக்கு அவங்க ஊர்ப் பக்கமெல்லாம் போவாரு. மாசக் கணக்குல வர மாட்டாரு" என்றான். பிறகு வாய்விட்டு அழுதான். "இத்தன வருசமா மச்சான் மச்சான்னு கேலி பேசுனேனே. கூடப் பொறந்தவருன்னு தெரியாமப் போச்சே!"

கேலிக்காரன் என்று பெயரெடுத்தவன் நான். இந்தக் கேலி என் கையை மீறிப் போய்விட்டது. எங்கோ ஓர் ஊரில் இருந்த மாட்டு வியாபாரியின் மானத்தை ஒரு காலிப்பரால் வாங்கிவிட்டோம். உண்மையைச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"ஐயா, யாருங்க மூத்தவரு? நான் மூத்தவனா இருந்தா மொட்ட போடக்கூடாதுங்க, கொள்ளிக் கொடமும் தூக்கக்கூடாது. எளையவன்னாதான் செய்யலாம். அது காதுல தெரியுங்களா?"

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். செய்ய வேண்டும் என்று அவன் தவித்தது அந்தப் பார்வையில் தெரிந்தது.

இளைய ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். கையில் கருவியை வைத்துக்கொண்டு நீங்கள் எதைச் சொன்னாலும் மாணவன் மறந்துவிடுவான், எதிரில் நிற்கிற ஏழை நம்பிவிடுவான். அவன் அப்பனையே மாற்றிக்கொள்வான். ஆகவே வாயைத் திறக்குமுன் அவன் முகத்தைப் பாருங்கள், பிறகு காதைப் பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. நானும் அன்றைக்கு முன் பார்த்தவனில்லை.

எழுந்து போய்ச் சடையனின் காதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வந்து மாரிமுத்துவின் காதைப் பார்த்தேன். புரொபசரைவிட நிதானமாகவே பார்த்தேன்.

"அவர்தான் மூத்தவர்" என்றேன். "நீ இளையவன். போய் மொட்டை போட்டுக்கிட்டு வா."